இரண்டு மில்லிமீற்றர்

கிண்ணியாப் பாலத்துக்குள்ளால் வற்றுத் தண்ணீர் இழுக்கிற நேரம்.
நஸ்ருத்தீன் இஞ்சினை நிறுத்திக் கம்பு ஊன்றுகிறார்.
இடுப்பளவில் நான்,
கையில் ஒரு பிளாஸ்டிக் குழாய்.
அழுத்துகிறேன். சேறு
மறுப்பில்லாமல் ஏறி வருகிறது.

மேலே ஒரு பழுப்புத் தோல், நகத்தின் கனம்.
கீழே சாம்பல்.
அதற்கும் கீழே கூழ்முட்டை நாறும் கறுப்பு.
காற்று இதற்குள் இறங்குவது
இரண்டு மில்லிமீற்றர்தான்.
மூச்சு முட்டுகிற அந்த எல்லையில்
கண்ணுக்குப் படாத ஒரு கூட்டம்
வயலைத் தின்றுகொண்டிருக்கிறது.

வயல் என்றால்
தம்பலகாமத்தில் அண்ணன் குகதாசனின் மூன்று ஏக்கர்.
கந்தளாய்த் தண்ணீர் அதில் நின்று, வரம்பு கடந்து,
வடிச்சல் வாய்க்காலால் இந்தக் கடலேரிக்கு வருகிறது.
அவன் எறிந்த யூரியாவில்
நெல் எடுத்தது பாதிக்கும் குறைவு.
மிச்சம் என்னிடம் வருகிறது,
முகவரி தெரிந்ததுபோல.

காற்றைப் பிடித்து நெருப்பில் வாட்டி
வெள்ளைக் குறுணியாக்க எங்கேயோ ஒரு தொழிற்சாலை.
நெருப்பில்லாமல்
அதைத் திரும்பக் காற்றாக்க
இந்தத் தோல்.

"அப்ப பிள்ளை,
காசு குடுத்து வாங்கின உரம்
காத்தாப் போகுதா இல்லையா எண்டு பாக்கத்தான்
உங்களுக்குச் சம்பளமா?"
நஸ்ருத்தீன் சிரிக்கவில்லை. உண்மையாகவே கேட்கிறார்.
போகாவிட்டால் தண்ணீர் பச்சையாகும்,
பாசி செத்து அழுகும், இறால் மேலே வந்து வாய் திறக்கும்
என்றேன்.
"அது ஒருக்கா நடந்தது" என்றார்.
எந்த வருஷம் என்று சொல்லவில்லை.

எனக்குத் தெரிந்த வருஷம் வேறு.
உரம் வராத வருஷம்.
கமநல நிலையத்து வாசலில் மூன்று நாள்
குகதாசன் செருப்பை வரிசையில் வைத்துவிட்டு
மர நிழலில் நின்றான்.
பயிர் மஞ்சளாகி, முழங்கால் உயரத்திலேயே பூத்தது.
அந்தப் போகம் வடிச்சலில் நைத்திரேற்று இல்லை.
என் வரைபடத்தில் கோடு விழுந்தது.
அருமையான தரவு என்றார் மேற்பார்வையாளர்.
அந்தப் புள்ளியின் மேல் பென்சிலை வைத்தபடி
கொஞ்ச நேரம் இருந்தேன்.
அது அண்ணி அடகு வைத்த சங்கிலி.

இன்றைய குழாய்கள் ஆறு.
நாலில் நண்டு வளை இருக்கிறது.
வளைச் சுவரெல்லாம் பழுப்பு:
நண்டு தன் வீட்டுக்குள் காற்றைக் கொண்டுபோகிறது,
அந்த இருட்டுக்குத் தெரியாத வேலையெல்லாம்
அதன் சுவரில் நடக்கிறது.
மற்ற இரண்டும்
இறால் பண்ணைக் கழிவு விழுகிற மூலையில் எடுத்தவை.
மேலிருந்தே கறுப்பு. தோல் இல்லை.
இந்தச் சேறு எதையும் காற்றுக்கு விடாது;
வந்ததை அமோனியாவாக்கி
அப்படியே தண்ணீருக்குத் திருப்பித் தரும்,
கடன்காரனைக் கண்டு கதவைச் சாத்துகிற வீடு மாதிரி.
அதற்கும் ஒரு அளவு இருக்கிறது.
அளவைத் தாண்டினது நாங்கள்.

கோணேசபுரி, இரவு ஒன்பது.
கரண்ட் போய் வந்துவிட்டது.
குப்பி ஒவ்வொன்றிலும் ஒரு துளி நஞ்சு விட்டு
அந்தக் கணத்தை நிறுத்தி மூடுகிறேன்.
குகதாசன் போன் எடுக்கிறான்:
"சேத்துக்குள்ள யூரியா கிடக்காமே, அள்ளிப் போடலாமோ?"
பகிடிக்குத்தான். ஆனால் பதிலுக்குக் காத்திருக்கிறான்.
இப்போது அது யூரியா இல்லை அண்ணா,
நீ இழுத்து விடுகிற மூச்சில்
நூற்றுக்கு எழுபத்தெட்டு அதுதான்
என்று சொல்லாமல்,
சாப்பிட்டியா என்று கேட்டேன்.

பதினேழாம் குப்பியின் கழுத்தில் ஒரு குமிழி.
கடுகளவு.
சேறு விட்டதா, மூடும்போது என் கை விட்டதா
எந்தக் கருவியும் பிரித்துச் சொல்லாது.
விதிப்படி அதை வீச வேண்டும்.
வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துச் சாய்க்கிறேன்.
அது ஒரு பக்கம் ஓடி
மறுபக்கம் வருகிறது.